டிரக் சாமி

பிக்கப் டிரக் வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் இன்ஜினைப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் கராஜை அளந்து பாருங்கள் என்பேன். இந்தப் பக்கம் கட்டுகிற புது வீடுகளில் முழு அளவு டிரக் கராஜுக்குள் மூக்கை நுழைத்துவிடும், பின்புறம் வெளியே நிற்கும். கதவு இறங்காது. அப்புறம் டிரைவ்வேயில்தான் நிறுத்த வேண்டும், ஹெச்.ஓ.ஏ. என்கிற குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வரும், எதிர்வீட்டு அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். விற்கிறவன் இதையெல்லாம் சொல்ல மாட்டான். நான் சொல்வேன். டெக்சாஸில் எங்கள் ஃபிரிஸ்கோ தமிழர்களில் யார் டிரக் என்று வாயைத் திறந்தாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்பார்கள்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள் தம்பி. பல வருஷம் இந்த ஊர் ஆபீஸில் குப்பை கொட்டியவன்தான். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டுமென்றால் தமிழில்தான் கோர்வையாக வருகிறது. அதனால்தான் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று டிடெக்டிவிடம் கேட்டேன். தங்கமான மனிதர், உடனே மொழிபெயர்க்க உங்களை வரவழைத்துவிட்டார். வக்கீல் வேண்டாம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். நான் மெதுவாகவே சொல்கிறேன், நீங்கள் அவருக்கு நிதானமாகச் சொல்லுங்கள். ஒன்றும் அவசரமில்லை.

என் பெயர் கருப்பசாமி. சொந்த ஊர் கோவில்பட்டி. ஆபீஸில் ஆள் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். மறுபடியும் வேலை கேட்டு ஒவ்வொரு கதவாகத் தட்டப் பிடிக்கவில்லை. இங்கே புது வீடுகளுக்குப் போடுகிற மரவேலி இருக்கிறதே, நல்லதாக ஒரு காற்று அடித்தால் படுத்துவிடும். களிமண் பூமி, கம்பம் பிடிப்பாக நிற்காது. வேலி போடுவது, ஸ்பிரிங்ளர் சரி செய்வது, கொல்லைப்பக்கம் மரமேடை கட்டுவது என்று சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தேன். அதற்காக வாங்கியதுதான் என் டிரக். பழைய மாடல், சாவியைத் திருகித்தான் கிளப்ப வேண்டும். சீட்டில் உட்கார்ந்தால் ஸ்பிரிங் எங்கே இருக்கிறது என்று முதுகுக்குத் தெரியும். ஆனால் பின்பெட்டி எட்டடி நீளம். அதில் நான் ஏற்றாத பொருள் இல்லை.

வாரநாளில் அந்த வண்டி என் தொழிலுக்கு, சனி ஞாயிறு ஊருக்கு. கொலு வந்தால் படிகள், பொங்கல் வந்தால் கரும்புக் கட்டு, தமிழ்ச் சங்கத்து விழா என்றால் அண்டா குண்டா, ஸ்பீக்கர், மடக்கு நாற்காலி. யாராவது வீடு மாறினால் கட்டில், மெத்தை, வாஷிங் மெஷின். ஒருமுறை ஒரு முழு ஊஞ்சல் பலகையைச் சங்கிலியோடு ஹூஸ்டனிலிருந்து ஏற்றி வந்திருக்கிறேன். எல்லோரும் முதலில், "அண்ணா, டிரக் மட்டும் குடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். நான் யாருக்கும் சாவியைக் கொடுத்ததில்லை. நானே வருவேன். டிரக் வேண்டும் என்றால் நானும் வேண்டும். எதை முதலில் ஏற்றுவது, எங்கே கயிறு போட்டு இழுப்பது என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும்.

ஒரு வீட்டு வாசலில் வண்டியைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்திவிட்டு இறங்குவேன். அப்போது அந்த வீட்டு ஆட்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காக எவ்வளவு தூரமும் ஓட்டலாம். குழந்தைகள் என்னை டிரக் சாமி அங்கிள் என்பார்கள். பெரியவர்களும் என் முதுகுக்குப் பின்னால் டிரக் சாமி என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஊரில் எங்கள் குலசாமிக்குக்கூட அத்தனை அழைப்பு கிடையாது.

என் மனைவி மரகதத்துக்குத்தான் இது பிடிக்காது. பார்மசியில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமைதான் அவளுக்கு ஓய்வு. அன்றைக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன். எங்கள் வீட்டுக் கொல்லை வேலி சாய்ந்து பக்கத்து வீட்டு நாய் வந்து போய்க்கொண்டிருந்தது. "கல்யாண வீடுன்னா மாப்பிள்ளையா இருக்கணும், எழவு வீடுன்னா பொணமா இருக்கணும். அதானே உங்களுக்கு?" என்று கேட்பாள். நான் சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவேன். அவள் சொன்னதில் பாதிதான் சரி. எனக்கு இரண்டு வீட்டிலும் நாற்காலி இறக்குகிறவனாக இருந்தால் போதும்.

அகிலன் விஷயத்துக்கு வருகிறேன்.

அகிலன் பொள்ளாச்சிக்காரன். சான் ஹோசேவில் இருந்தான். அங்கே வீடு வாங்க முடியாது என்று மனைவி சண்முகப்ரியாவோடும் மகள் விஷாகாவோடும் எங்கள் தெருவுக்கே குடிவந்தான். வந்த அன்றைக்கே நான் போய் நின்றேன். அவனுடைய கட்டிலை இறக்கியது நான், ஃபிரிட்ஜைக் கதவைக் கழற்றி உள்ளே கொண்டுபோனது நான், இந்தியக் கடை எங்கே, அனுமார் கோயில் எங்கே, ஆலங்கட்டி மழை பெய்தால் காரை எங்கே ஒளித்து வைப்பது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தது நான். நல்ல பையன். வஞ்சகம் இல்லாதவன். "சாமிண்ணா, நீங்க இல்லீன்னா நாங்க தெருவுலதானுங்ணா நின்னிருப்போம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். அவனைப் பற்றி நான் ஒரு குறை சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

ஒருநாள் அவன் என் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். பின்னால் அவன் வீட்டுக்கு வாங்கிய சோபா. "ஏனுங்ணா, நானும் ஒரு டிரக் எடுக்கலாமுன்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?" என்று கேட்டான். நான் கராஜ் விஷயத்தைச் சொன்னேன். பெட்ரோல் குடிக்கும் என்றேன். கோயில் பார்க்கிங்கில் இரண்டு இடம் பிடிக்கும், ஊரே திட்டும் என்றேன். வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவனுக்கு டிரக் எதற்கு, தேவைப்பட்டால் நான் இருக்கிறேனே என்றேன். வழி முழுக்கச் சொன்னேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கேட்டுக்கொண்டான் என்றுதான் நினைத்தேன்.

தலையாட்டியவன் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அதுவும் எப்படிப்பட்ட வண்டி என்கிறீர்கள்! இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டாம், சாதாரணமாகவே எழுதிக்கொள்ளுங்கள். எல்லா வசதியும் உள்ள வண்டி. சீட் வெயிலுக்குக் குளிரும், பனிக்குச் சூடாகும். பின்கதவை ஒரு பொத்தானில் இறக்கலாம், ஏறுவதற்குப் படி தானாக வரும். பின்பெட்டியிலேயே கரன்ட் பிளக் இருக்கிறது, ஜெனரேட்டர் தேவையில்லை, மிக்ஸி கிரைண்டர்கூட ஓட்டலாம். டிரெய்லரை மாட்டிப் பின்னால் எடுப்பதற்கு ஒரு குமிழ், அதைத் திருப்பினால் போதும், ஸ்டீயரிங்கை அதுவே பார்த்துக்கொள்ளும். நான் அதைக் கற்றுக்கொள்ள எத்தனை பேர் வீட்டுத் தபால் பெட்டியை இடித்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு மாலையே எனக்கு எல்லாவற்றையும் காட்டினான். நான் கையேட்டை வாங்கிப்போய் முழுக்கப் படித்துவிட்டு, அவனுக்கே தெரியாத நாலு விஷயத்தை மறுநாள் சொல்லிக் கொடுத்தேன். "குருவே" என்று காலைத் தொட வந்தான்.

"உங்களப் பாத்துத்தானுங்ணா எனக்கு ஆசையே வந்துச்சு" என்றான். உண்மையாகத்தான் சொன்னான்.

தெருவில் பத்ரி என்று ஒருவன் இருக்கிறான், சென்னைக்காரன். தமிழ்ச் சங்கத்தில் எல்லாவற்றையும் முன்னின்று நடத்துகிறவன். வாட்ஸ்அப் குழுவில் அவன்தான் முதலில் போட்டான்: "கைஸ், இனிமே சாமி அண்ணாவை டிஸ்டர்ப் பண்ண வேணாம். அகிலன் டிரக் ரெடி. அண்ணா டிசர்வ்ஸ் ரெஸ்ட்." அதன் கீழே கைகூப்பின படமும் இதயப் படமும் குவிந்தன. பாவம் அண்ணாவுக்கும் வயசாகுது என்று ஒருத்தி. இத்தனை நாள் நாம அவரை ரொம்ப வேலை வாங்கிட்டோம் என்று இன்னொருத்தி. எல்லோரும் என் மேல் அன்பாகத்தான் இருந்தார்கள். என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அன்பாகக் கழற்றிவிடுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

அடுத்த சனிக்கிழமை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. டிரக்கைக் கழுவினேன். பிறகு மறுபடியும் கழுவினேன். மரகதம் காபி கொண்டுவந்து கொடுத்து, "நம்ம வேலிய இன்னிக்காவது நிமித்துங்க" என்றாள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வீட்டுப் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பார்த்தால், தெருவில் அகிலன் வண்டியில் நாலு பேர் சேர்ந்து யார் வீட்டு மேஜையையோ ஏற்றிக்கொண்டு போனார்கள். சிரிப்பும் பாட்டுமாகப் போனார்கள். கயிறு தப்பாகக் கட்டியிருந்தது. சொல்ல வேண்டும் என்று தெருவரைக்கும் ஓடினேன், அதற்குள் திரும்பிவிட்டார்கள். மேஜைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அது எனக்கு அவ்வளவு வருத்தமாக இருந்தது.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆளில்லாத வீட்டில் ஃபேன் ஓடுகிற மாதிரி நான் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். வேலைபோன நாளில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை. பொங்கல் விழா நெருங்கிக்கொண்டிருந்தது. கரும்பும் அடுப்பும் சீர்வரிசையும் வழக்கமாக என் வண்டியில்தான் பார்க்குக்குப் போகும், முன்னால் மேளம் வாசித்துக்கொண்டு போவார்கள். இந்த வருஷம் அகிலன் வண்டி என்று முடிவாகிவிட்டது. ஸ்பீக்கருக்கு அதிலேயே கரன்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று பத்ரி எனக்கே ஃபோன் செய்து விளக்கினான். "நீங்க ஃபேமிலியோட ஹாயா வந்து உக்காருங்க அண்ணா, ஃபர்ஸ்ட் ரோ" என்றான்.

வாங்கினதிலிருந்து தள்ளிப்போய்க்கொண்டே இருந்த வாகன பூஜை அதற்கு முந்தின சனிக்கிழமைதான். கோயிலில் செய்யலாம் என்று அகிலன் சொன்னான். சனிக்கிழமை அனுமார் கோயிலில் நிற்க இடம் இருக்காது, வீட்டு டிரைவ்வேயிலேயே செய்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவர்கள் வசதிக்காகத்தான் சொன்னேன். டிடெக்டிவ் இதை இரண்டு தடவை கேட்டுவிட்டார். வேறு எண்ணம் எதுவும் அப்போது இல்லை.

நல்ல வெயிலான காலை. அகிலன் வண்டியைத் தெருவைப் பார்க்க நிறுத்தியிருந்தான். இன்ஜினுக்கு மேலே இருக்கிற முன்மூடி அவன் தோளுயரம் இருக்கும், சந்தனம் குங்குமம் வைக்க முக்காலி போட்டு ஏறினான். சண்முகப்ரியா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள், பத்ரி தேங்காயை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். எலுமிச்சம்பழம்தான் தகராறு. நம் ஊர்ச் சின்ன எலுமிச்சை வாங்க மறந்துவிட்டார்கள். காஸ்ட்கோ கடைப் பையில் இருந்த மஞ்சள் பழம், அது முட்டை மாதிரி நீளமாக, வழவழவென்று இருக்கும். எங்கள் தெருவில் டிரைவ்வே எல்லாம் சரிவு. டயருக்கு முன்னால் வைத்தால் அது அங்கே நிற்குமா? உருண்டு தெருவுக்குப் போய்விட்டது. விஷாகா, "அப்பா, தி லெமன் இஸ் ரன்னிங் அவே!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அப்போது நான் வண்டிக்குள் இருந்தேன். பூஜை போட்டதும் முதலில் நான்தான் ஓட்ட வேண்டும் என்று அகிலன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். இரண்டு கையாலும் சாவியைக் கொடுத்தான், பெரியவர்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுக்கிற மாதிரி. "உங்க கை பட்டாத்தானுங்ணா ராசி. அப்புறம் நீங்க ரெஸ்ட் எடுங்க. இனி எல்லாம் நான் பாத்துக்கறேனுங்ணா" என்றான்.

சீட் குளுகுளுவென்று இருந்தது. வண்டி ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. குழந்தை பழத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அப்பாவிடம் கொடுத்தாள். அவன் அவளை அம்மாவிடம் போகச் சொல்லிவிட்டு, வலதுபக்க டயருக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, பழத்தை டயருக்கும் தரைக்கும் நடுவில் அழுத்தி நிறுத்தப் பார்த்தான். குழந்தை உடனே போகவில்லை, அவன் முதுகில் சாய்ந்துகொண்டு நின்றாள். அவள் நகர்ந்து புல்வெளியைத் தாண்டி அம்மாவிடம் போய்ச் சேரும்வரை பிரேக்கில் இருந்து நான் காலை எடுக்கவில்லை. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. குழந்தைகள் விஷயத்தில் நான் ரொம்பக் கவனமான ஆள்.

பிறகு காலை எடுத்தேன். சரிவு என்பதால் ஆக்சிலேட்டர் தேவைப்படவில்லை.

போலீஸ் வந்தது. அன்றைக்கு வந்தவர் வேறு ஆள், அவர் வீட்டிலும் டிரக் இருக்கிறதாம். முன்மூடி இந்த உயரத்துக்கு இருந்தால் முன்னால் குனிந்திருக்கிறவர் தலைகூடத் தெரியாது, நாட்டில் இந்த மாதிரி நிறைய நடக்கிறது என்று அவரே சொன்னார். நான் தலையாட்டினேன். சாமி அண்ணாவுக்குப் பழைய வண்டிதான் பழக்கம் என்று பத்ரி அழுதுகொண்டே சொன்னான். அதற்கும் தலையாட்டினேன். நான் அன்றைக்கு ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பார்க்கப்போனால் வாயையே திறக்கவில்லை.

ஊரில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் அண்ணா என்றார்கள். சண்முகப்ரியாவே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இப்படி ஒடிஞ்சு போயிட்டீங்கன்னா எனக்கு ஆருங்ணா இருக்காங்க? உங்க மேல தப்பே இல்லீங்ணா" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. இந்த வயதில் இவ்வளவு நல்ல பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று இருந்தது.

ஆனால் அழுதுகொண்டு உட்கார யாருக்கு நேரம்? பொள்ளாச்சியிலிருந்து அவன் அப்பா அம்மா வருகிறார்கள், ஏர்போர்ட்டுக்கு யார் போவது? நியூ ஜெர்சி பார்சிப்பனியிலிருந்து சண்முகப்ரியாவின் அண்ணன் குடும்பம் வருகிறது. வீட்டில் நாற்காலி போதாது, சங்கத்து நாற்காலிகளைக் கொண்டுவர வேண்டும். தண்ணீர்க் கேன், ஐஸ் பெட்டி, முப்பது பேருக்குச் சாப்பாடு. தகனத்துக்கு முன்னால் சடங்கு செய்ய மேஜை வேண்டும், வாழையிலை வேண்டும், பச்சை மூங்கில் வேண்டும். டெக்சாஸில் பச்சை மூங்கில் எங்கே கிடைக்கும் என்று எனக்குத்தானே தெரியும்? எல்லாம் என் வண்டியில்தான் போனது, வந்தது. பொங்கல் விழாவை ரத்து செய்தார்கள், அந்தச் சாமானையும் திருப்பிக் கொடுக்க நான்தான் அலைந்தேன். காலையில் எழும்போதே யாராவது கூப்பிட்டிருப்பார்கள். நான் சாப்பிட்டேனா என்று ஊரே கேட்டது. சாப்பிட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன், பசித்தது. நீங்கள் தப்பாக நினைக்க மாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். அந்த நாட்களில் எனக்கு உடம்பு காற்றாக இருந்தது.

மரகதம் மட்டும் ஒருநாள் நான் படியேறி வரும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டு பாடிட்டே வர்றீங்க" என்றாள். நான் கவனிக்கவில்லை, பாடியிருப்பேன். அன்றிலிருந்து அவள் கீழ் அறையில் படுத்துக்கொள்கிறாள். முட்டி வலி என்கிறாள்.

எல்லாம் இப்படியே நல்லபடியாகப் போயிருக்கும். நானேதான் கெடுத்துக்கொண்டேன். யாராவது ஒன்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது, அந்தப் பழக்கம்தான் என்னைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் உட்கார வைத்திருக்கிறது.

அந்த வண்டி சண்முகப்ரியா வீட்டு முன்னாலேயே நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் குழந்தை ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுகிறது என்று சொன்னாள். விற்றுவிடலாம் என்றேன். நானே டீலரிடம் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். கையெழுத்துப் போட அவளும் வர வேண்டியிருந்தது. அவள் அதில் ஏறியது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாவம், பேச்சுக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

டீலர் வாசலில் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்று நின்றது. அதன் முன்னால் கொண்டுபோய் மெதுவாக நிறுத்தினேன். பீப் பீப் என்று சத்தம் வந்தது. நடுவில் இருக்கிற பெரிய திரை தானாக விழித்துக்கொண்டது. அதில் அந்தக் கூம்பு தெரிந்தது. வண்டிக்கு முன்னால், தரையோடு தரையாக, கூம்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கூடத் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு டயரும் எங்கே போகும் என்று இரண்டு மஞ்சள் கோடு.

அவள் அதையே பார்த்தாள். பிறகு கேட்டாள். "அண்ணா, இது என்னங்ணா?"

கேட்டுவிட்டாளே. எத்தனை நாள் கழித்து ஒருவர் என்னிடம் டிரக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறார்! எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இது முன்பக்கக் கேமராம்மா. கிரில்லுக்குள்ள இருக்கு. நாம ஒண்ணும் அமுக்க வேண்டாம். மெதுவாப் போறப்ப முன்னாடி ஏதாச்சும் இருந்துச்சுன்னா தானா வந்துரும். சின்னப் பூனைக்குட்டி குறுக்க போனாக்கூடக் காட்டிரும்."

"எப்பவுமே வருமாங்ணா?"

"எப்பவும் வரும். அகிலன் எடுத்தது எல்லாமே இருக்கிற டாப் மாடலாச்சே."

அவள் மறுபடியும் திரையைப் பார்த்தாள். "அன்னிக்கும் வந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

நான் கியரைப் பார்க்கிங்கில் போட்டேன். திரை அணைந்தது. வெயில் கண்ணாடியில் பட்டிருக்கும் அம்மா, நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. சரிங்ணா என்றாள். இறங்கினாள். வண்டியை விற்கவில்லை, வேறொரு நாள் வருகிறேன் என்று உள்ளே போய்ச் சொல்லிவிட்டு, சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளே ஓட்டிக்கொண்டு போனாள். அவ்வளவு பெரிய வண்டியை அதற்கு முன்னால் அவள் தொட்டதுகூட இல்லை. நான் டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்தேன். அவள் மேல் எனக்கு வருத்தம் என்றால் அந்த ஒன்றுதான். திருப்பங்களில் எப்படி ஓட்டினாளோ, என்னிடம் கொடுத்திருக்கலாம்.

அவள் போலீஸில் கொண்டுபோய் ஒப்படைத்த அந்த வண்டியின் கம்ப்யூட்டரில் எல்லாம் பதிவாகியிருக்கிறது என்று டிடெக்டிவ் சொல்கிறார். திரை எப்போது வந்தது, சத்தம் எவ்வளவு நேரம் கேட்டது, பிரேக்கை நான் எப்போது விட்டேன் எல்லாம். பதிவாகியிருக்கும். நல்ல வண்டி. அவர் அதைக் காட்ட வேண்டியதே இல்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்தான் தம்பி. முழுக்கத் தெரிந்தான். அவன் தலையும் முதுகும், சட்டைக் காலருக்குள் வேர்வையும், பழத்தைப் பிடித்திருந்த விரலும், எல்லாம். குழந்தை சாய்ந்திருந்ததும் திரையில்தான் தெரிந்தது, இல்லாவிட்டால் அவள் போனாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நினைத்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஒரு காலோ கையோ முறிந்தால் போதும், பொங்கலும் போய்விடும், அவனும் நாலு மாதம் வீட்டில் இருப்பான், நான் தினமும் போய்ப் பார்த்துக்கொள்வேன், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். அவனுக்கு வேண்டியதை எல்லாம் செய்வேன் என்று அந்தக் கணத்திலேயே மனதில் ஓடிவிட்டது. ஆனால் டயர் அவன் கைமேல் ஏறியபோது அவன் நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தான். என்னைப் பார்ப்பதாக அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது. சாமிண்ணா என்று வாய் அசைந்தது. பிரேக் என் காலடியில்தான் இருந்தது. பிழைத்து எழுந்துவிட்டால் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பானே, அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று தோன்றியது. அதனால் நான் மிதிக்கவில்லை. வண்டி முழுக்க இறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் மிதித்தேன்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் மறைக்கவில்லை. டிடெக்டிவ் சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். நாளைக்குச் சண்முகப்ரியா வீட்டைக் காலி செய்கிறாள், குழந்தையோடு அண்ணனிடம் நியூ ஜெர்சிக்குப் போகிறாள். வாடகை மூவர்ஸ் ஆட்கள் ஃபிரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுபோவார்கள், கண்ணாடிச் சாமானை அடியில் போடுவார்கள், எனக்குத் தெரியாதா? அவள் கோபத்தில் இருப்பாள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாமான் ஏற்றுகிற நேரத்தில் யாரைக் கூப்பிடுவாள்? பத்ரிக்கு ஒரு முடிச்சு போடத் தெரியாது. இந்நேரம் எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப்போயிருப்பார்கள். என் போன் டிடெக்டிவிடம்தான் இருக்கிறது. யார் யார் கூப்பிட்டார்கள் என்று கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

ஒன்றும் வரவில்லை என்கிறாரா?

இந்தக் கட்டடத்துக்குள் சிக்னல் எடுக்காது தம்பி. வெளியே கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.